பைக்கைக் குளிருக்கு நிற்பாட்ட முதல்: அக்காவின் டிப்ஸ்

ஆயுதபூசைக்குப் பைக்கைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஹாண்டிலில் பூவும் கட்டிவிட்டீர்களா? நல்லது. இனி அடுத்த வேலையைத் தொடங்குங்கோ. நவராத்திரி முடிகிற கையோடு டென்மார்க்கில் வெயிலும் போய்விடும். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறோம். அதற்கு முதல் வருகிற, மழையில்லாத ஒரு சனிக்கிழமையைப் பைக்குக்கென்று ஒதுக்கிவிடுங்கோ. அன்று பாடுபட்டால் மார்ச் மாதம் பைக் முதல் தட்டிலேயே ஸ்ராட் ஆகும். அன்று பஞ்சிப்பட்டால் வசந்தத்தில் கராஜ்காரர் நீட்டுகிற பில்லைப் பார்த்துத் தலையில் கைவைக்க வேண்டிவரும்.

ஹெர்னிங், பிராண்டே, வைல, ஹோசன்ஸ் என்று யூலண்ட் முழுக்க எங்கள் பிள்ளைகள் இப்போது பெரிய பைக்குகள் ஓடுகிறார்கள். கோடையில் ஹெர்னிங் சித்திவிநாயகர் கோயிலுக்கும் பிராண்டே அபிராமி அம்மன் கோயிலுக்கும் ஹெல்மெற்றைக் கையில் பிடித்தபடி வருகிற தம்பிமாரையும் தங்கச்சிமாரையும் பார்க்க எனக்குச் சந்தோசம். இவர்களின் அப்பாமார் யாழ்ப்பாணத்தில் ஹொண்டா ஓடியவர்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, நாலு துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடின தலைமுறை அது. இயந்திரத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் ஊரில் பைக் ஒருநாளும் ஐந்து மாதம் சேர்ந்தாற்போல் நிற்பதில்லை. அதனால் இந்தக் குளிர்கால வேலை எங்கள் வீடுகளில் பரம்பரையாக வரவில்லை. அதைத்தான் இங்கே சொல்லித்தரப் போகிறேன்.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கோ

டென்மார்க்கின் ஆகக் குறைந்த வெப்பநிலை −31.2 பாகை. 1982 ஜனவரி 8ஆம் திகதி வடமேற்கு யூலண்டின் தூ பகுதியில் பதிவானது. அப்படிப்பட்ட குளிர் இங்கே மிக அரிது. வழக்கமான குளிர்காலம் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும். இரவில் உறையும், பகலில் உருகும், அடுத்த நாள் மழை தூறும். இந்த நாட்டில் எந்த இடத்தில் நின்றாலும் கடல் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு.

இரவு முழுக்கக் குளிர்ந்த இரும்பில் பகலின் ஈரக்காற்றுப் படும்போது, வெளியிலிருந்து குசினிக்குள் வந்தவுடன் மூக்குக்கண்ணாடி வேர்ப்பதுபோல, பைக்கின் ஒவ்வொரு பாகமும் வேர்க்கும். ராங்கின் உள்ளே, பற்றரி முனையில், சுவிச்சுக்குள், செயின் இடுக்கில் எல்லாம் தண்ணீர் படியும். இதோடு வீதிக்குப் போடுகிற உப்பும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். டென்மார்க் குளிர்காலத்தில் ஈரப்பதன் பெரும்பாலும் 80க்கு மேலேதான் இருக்கும். ஆகவே உப்புப்பட்ட இரும்பு வசந்தம் வரைக்கும் காயவே காயாது. கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றே: பைக்கின் எந்த மூலையிலும் ஈரம் தங்க விடக்கூடாது.

1. இடத்தை முதலே பிடியுங்கோ

சொந்தக் கராஜ் இருந்தால் அதிர்ஷ்டம். சூடு தேவையில்லை, உலர்வாக இருந்தால் போதும். மாடிவீட்டில் இருப்பவர்கள் கட்டடத்தின் நிலவறையிலோ படிக்கட்டின் கீழோ பெற்றோல் நிறைந்த பைக்கை வைக்க நினைக்காதீர்கள். தீ ஆபத்து உங்களுக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தில் படுக்கிற அத்தனை குடும்பத்துக்கும்தான். பைக் விற்கிற கடைகள் பலவும், கிராமப்புறங்களில் பெரிய கொட்டகை வைத்திருக்கும் கமக்காரரும் குளிர்காலத்துக்கு வாடகைக்கு இடம் கொடுக்கிறார்கள். 'வின்ரர் ஒப்பெவாரிங்' என்று விசாரித்தால் விளங்கிக்கொள்வார்கள். செப்ரெம்பரிலேயே கேளுங்கோ, ஒக்ரோபர் நடுவில் இடங்கள் நிரம்பிவிடும். கொடுக்க முதல் மூன்று கேள்வி: கூரை ஒழுகுமா? நிலம் சீமெந்தா மண்ணா? இடையில் வந்து பார்க்க அனுமதி உண்டா? மண் நிலம் கீழிருந்து ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியானால் கீழே தடித்த பொலித்தீனும் அதன்மேல் பலகையும் போடச் சொல்லுங்கோ.

2. கடைசி ஓட்டத்தை ஒழுங்காகத் திட்டமிடுங்கோ

வேலைகளை வரிசைப்படி செய்தால் பாதி நேரம் மிச்சம். முதலில் கழுவல், பிறகு பெற்றோல், பிறகு வீட்டுக்கு ஒரு இருபது நிமிட ஓட்டம், வந்தவுடன் சூடு ஆற முதல் ஒயில் மாற்றம். கழுவிய தண்ணீர் ஓட்டத்தில் காயும், ராங்கில் விட்ட மருந்து எஞ்சின் வரைக்கும் கலந்து போகும், சூடான ஒயில் அழுக்கோடு முழுவதும் வடியும். ஒரே ஓட்டத்தில் மூன்று வேலையும் முடிந்துவிடும்.

கழுவலை வீட்டு வாசலில் வைக்காதீர்கள். அழுக்கும் எண்ணெயும் மழைநீர்க் கானுக்குள் போகும் என்று பல கொம்யூன்கள் தடுக்கின்றன. காசுபோட்டுக் கழுவுகிற கூடத்துக்குப் போங்கோ. அங்கே இருக்கிற உயர் அழுத்தக் குழாயைச் சில்லின் நடுவுக்கோ, செயினுக்கோ, ஹாண்டில் கழுத்துக்கோ கிட்டப் பிடிக்கக்கூடாது. அந்த வேகத்தில் தண்ணீர் பெயரிங்குக்குள் ஏறினால் உள்ளிருக்கும் கிறீஸ் கழுவுப்படும். மென்மையான பஞ்சும் பைக் சோப்பும் போதும். பூசைக்கு வைத்த சந்தனத்தையும் திருநீற்றையும் மறக்காமல் துடைத்தெடுங்கோ. காய்ந்த பூச்சு ஈரத்தைப் பிடித்து வைத்திருந்து பெயின்றில் தடம் போடும். பறவை எச்சமும் பூச்சி ஒட்டியதும் அப்படியே. கடைசியில் பெயின்ருக்கு மெழுகுப் பூச்சு ஒன்று போடுங்கோ.

3. பெற்றோல்: பம்பில் இருக்கிற வட்டத்தைப் பாருங்கோ

பெற்றோல் பம்பில் சின்ன வட்டத்துக்குள் E10 அல்லது E5 என்று போட்டிருக்கும். டென்மார்க்கில் 2020 முதல் சாதாரண 95 பெற்றோல் E10 வகை. அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரோடு சேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து ராங்கின் அடியில் போய்த் தங்கும். இரும்பு ராங்க் உள்ளிருந்து துருப்பிடிப்பது அங்கேதான்.

ஆகவே கடைசித் தடவை E5 அடியுங்கோ. ராங்கில் காற்றுக்கு இடம் இருந்தால் ஈரத்துக்கும் இடம் இருக்கும், அதனால் மூடிக்குக் கீழே இரண்டு விரலளவு விட்டு நிரப்புங்கோ. பெற்றோலைக் கெடாமல் வைத்திருக்கும் மருந்துப் போத்தல் பைக் கடைகளில் கிடைக்கும். போத்தலில் எழுதியிருக்கிற அளவைப் பெற்றோலுக்கு முதல் ஊற்றினால் நன்றாகக் கலக்கும்.

பழைய காபரேற்றர் பைக் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை. பெற்றோல் குழாயைப் பூட்டிவிட்டு, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் சின்ன ஆணியைத் தளர்த்தி மிச்சத்தை வடியவிடுங்கோ. அந்தக் கிண்ணத்தில் நிற்கிற கொஞ்சப் பெற்றோல்தான் ஆவியாகி, பிசினாக இறுகி, ஊசித் துளையை அடைக்கிறது. வசந்தத்தில் ஸ்ராட் ஆகாத பழைய பைக்குகளில் இது அடிக்கடி காணும் நோய். புல்வெட்டும் மெசினுக்கு விற்கிற அல்கிலேட் பெற்றோலில் எத்தனால் இல்லை, வருடக்கணக்கில் கெடாது. சின்ன ராங்க் உள்ள பழைய பைக்குக்கு அது நல்ல தெரிவு.

4. ஒயிலும் குளிரூட்டும் நீரும்

"வசந்தத்தில் எப்படியும் மாற்றத்தானே வேண்டும், இப்போது எதற்கு?" என்று கேட்பீர்கள். ஓடிய ஒயிலுக்குள் எரிபொருளின் கழிவும் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. ஐந்து மாதம் அவை எஞ்சின் உள்ளுறுப்புகளைத் தொட்டுக்கொண்டே நிற்கும். சுத்தமான ஒயிலோடு நிற்பதுதான் எஞ்சினுக்குப் பாதுகாப்பு. மாற்றிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் புது ஒயில் எங்கும் போய்ச் சேரும். பழைய ஒயிலைக் குப்பையிலோ கானிலோ ஊற்றவே கூடாது. மூடியுள்ள கலனில் அடைத்துக் கொம்யூனின் மீள்சுழற்சி நிலையத்தில் கொடுங்கோ.

தண்ணீரால் குளிரூட்டுகிற பைக் என்றால் உறைதடுப்பு நீரைச் சோதியுங்கோ. இதற்கென்று மிதவை உள்ள மலிவான சோதனைக்கருவி இருக்கிறது. பாதிக்குப் பாதி கலவை −35 பாகை வரை தாங்கும். கோடையில் வெறும் தண்ணீர் விட்டு நிரப்பியிருந்தால் அது உறைந்து விரிந்து எஞ்சின் கட்டியையே வெடிக்கச் செய்யும். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

5. பற்றரியை வீட்டுக்குள் கூட்டிவாருங்கோ

இருக்கையைத் தூக்கினால் பற்றரி தெரியும். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அது அரிப்பு. கழற்றும்போது கறுப்பு வயர் உள்ள எதிர்முனை முதலில், சிவப்பு வயர் உள்ள நேர்முனை பிறகு. காரணம் இதுதான்: பைக்கின் சட்டம் முழுக்க எதிர்முனையோடு தொடுத்திருக்கிறது. எதிர்முனையைக் கழற்றாமல் நேர்முனையில் ஸ்பானரைப் போட்டு அது சறுக்கிச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். திரும்பப் பூட்டும்போது சிவப்பு முதல், கறுப்பு கடைசி. பூத்திருப்பதைச் சுடுநீரில் கரைத்த அப்பச்சோடாவால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வசலின் கொஞ்சம் பூசுங்கோ.

முழுதாகச் சார்ஜ் ஏறிய ஈய அமிலப் பற்றரி −50 பாகையிலும் உறையாது. முற்றாக இறங்கிய பற்றரி −7, −8 பாகையிலேயே உறைந்துவிடும். பைக்கின் மணிக்கூடும் அலாரமும் சும்மா நிற்கும்போதும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருப்பதால், பைக்கிலேயே விட்டால் பற்றரி இறங்குவது நிச்சயம். சில மணித்தியாலம் சும்மா விட்டு அளந்தால் 12.7 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். 12.4 வந்தால் உடனே சார்ஜ் போடுங்கோ. நிறைந்ததும் தானாகக் குறைத்துப் பராமரிக்கிற சின்ன சார்ஜர்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று வாங்கினால் அது பல பற்றரியின் காசை மிச்சம் பிடித்துத் தரும். லித்தியம் பற்றரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான் போடவேண்டும், பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றவும் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பற்றரியை எட்டாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கோ.

6. செயினும் முன் போர்க்கும்

செயினை மண்ணெண்ணெய் தொட்ட மென்மையான பிறஷால் துடைத்து, காயவிட்டு, செயினுக்குரிய ஒயிலை உட்பக்கமாக அடியுங்கோ. சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றினால் எல்லாக் கண்ணிக்கும் போகும். எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும்.

பிறகு முன் போர்க்கின் பளபளக்கும் குழாயில் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கோ. வழுக்கிப் போனால் நல்லது. ஓரிடத்தில் நகம் தடக்கினால் அங்கே துருப்புள்ளி தொடங்கிவிட்டது. அந்தப் புள்ளி ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ரப்பர் சீலை அறுக்கும், பிறகு போர்க் ஒயில் ஒழுகிப் பிறேக்கில் இறங்கும். குழாயை நன்றாகத் துடைத்து மெல்லிய ஒயில் தடவிவிட்டால் துரு நெருங்காது. ஆனால் எந்த ஒயிலும் எந்த ஸ்பிறேயும் பிறேக் தட்டிலும் ரயரிலும் படக்கூடாது. அடிக்க முதல் தட்டைப் பழந்துணியால் மூடிவிடுங்கோ.

7. ரயர்

நடு ஸ்ரான்ட் இருந்தால் அதில் ஏற்றுங்கோ. இல்லாவிட்டால் பின்சில்லைத் தூக்குகிற தனி ஸ்ரான்ட் விற்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் ரயரின் கீழே தடித்த பலகையோ பழைய கம்பளத் துண்டோ வைத்து, மாதம் ஒருமுறை பைக்கைக் கொஞ்சம் உருட்டி வேறிடத்தில் நிற்கவிடுங்கோ. ஒரே பக்கத்தில் பாரம் விழுந்தால் ரயர் தட்டையாகிவிடும். வெப்பம் 10 பாகை குறைந்தால் காற்று ஏறத்தாழ 0.1 பார் குறையும். ஆகவே ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்டாமல் கொஞ்சம் கூடுதலாக அடித்துவிடுங்கோ. அப்படியே ரயர்ப் பக்கத்தில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கோ. முதல் இரண்டும் தயாரித்த வாரம், கடைசி இரண்டும் வருடம். பழசாகியிருந்தால் குளிர்காலத்திலேயே புதுசுக்குச் சொல்லிவைக்கலாம்.

8. எலிக்கு வாசல் அடையுங்கோ

இலையுதிர்காலத்தில் வயல் எலிகள் கொட்டகை தேடி வரும். எயர்பில்ரர்ப் பெட்டி அவற்றுக்குப் பஞ்சு மெத்தை, வயர் அவற்றுக்குப் பல் தீட்டும் கட்டை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சைலன்சர் வாயையும் காற்று உள்ளே போகும் வாயையும் துணியால் அடைத்து, ஹாண்டிலில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை கட்டுங்கோ: "சைலன்சரில் துணி, ரயரில் காற்று அதிகம், பற்றரி வீட்டில்." ஐந்து மாதம் கழித்து ஞாபகம் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

9. மூச்சுவிடுகிற துணியால் மூடுங்கோ

கடையில் வாங்கும் நீலப் பொலித்தீன் விரிப்பால் இறுக்கிக் கட்டினால், வெளி ஈரம் வராது, உள் ஈரமும் போகாது. பைக்குக்கென்று தைத்த, காற்றுப் போய்வரக்கூடிய கவர் வாங்குங்கோ. கராஜுக்குள் என்றால் பழைய பருத்தி விரிப்பே போதும். வெளியில் நிற்கவைப்பவர்கள் கவர் பெயின்றில் உரசாமல் கீழே இழுத்துக் கட்டவேண்டும். டென்மார்க் காற்றைத்தான் தெரியுமே. தோல் ஜக்கற்றையும் ஹெல்மெற்றையும் கொட்டகையில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டு அலுமாரிக்குக் கொண்டுவாருங்கோ.

10. நம்பர் பிளேட்டும் காப்புறுதியும்

நம்பர் பிளேட் பைக்கில் இருக்கும்வரை, பைக் ஓடாமல் நின்றாலும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். காசு மிச்சம் என்று காப்புறுதியை நிற்பாட்டிவிட்டுப் பிளேட்டைக் கொடுக்காமல் விட்டால் தண்டம் வரும். உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பிளேட்டைக் கழற்றிப் பதிவு அலுவலகத்திலோ அந்த வேலையைச் செய்கிற வாகனப் பரிசோதனை நிலையத்திலோ ஒப்படைப்பது. இரண்டு, பைக் குளிர்காலத்தில் ஓடாது என்று கணக்கிட்டுக் கட்டணம் போடுகிற காப்புறுதியை வைத்திருப்பது. எதைச் செய்தாலும், நிற்கிற காலத்தில் களவுக்கும் தீக்கும் காப்பு உண்டா, எந்தப் பூட்டுப் போட்டிருக்கவேண்டும் என்று கம்பனியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

இடையில் "ஒருக்கால் ஸ்ராட் பண்ணிப் பார்ப்பம்" வேண்டாம்

அப்பாமார் அன்போடு சொல்லுவார்கள்: "கிழமைக்கு ஒருக்கால் ஐந்து நிமிடம் ஓடவிடு, நல்லது." ஊர் வெக்கைக்கு அது சரி. இங்கே அது கெடுதல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாக வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடினால் அது வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிற்பாட்டினால் சைலன்சருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தண்ணீராகப் படிந்து நிற்கும். நீங்கள் பாடுபட்டு வெளியேற்றிய ஈரத்தைத் திரும்ப நீங்களே உள்ளே விடுவதாக முடியும். மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கோ, கவரைத் தூக்கிக் காற்றுப் படவிடுங்கோ, சில்லை உருட்டுங்கோ. சாவியைத் தொடவேண்டாம்.

இப்படிப் பார்த்தால் ஒரு பைக் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி உண்டு. எங்கள் வீடுகளில் தூசி உறிஞ்சுகிற நில்ஃபிஸ்க் மெசினைச் செய்த அதே கம்பனிதான், கொப்பன்ஹேகனின் ஃபிஸ்கர் அன்ட் நீல்சன், நிம்புஸ் என்ற மோட்டார் சைக்கிளையும் செய்தது. 1919இல் தொடங்கி 1960 அளவில் உற்பத்தி நின்றது. டென்மார்க்கின் தபாற்காரரும் இராணுவமும் ஓடிய நாலு சிலிண்டர் பைக் அது. உற்பத்தி நின்று அறுபது வருடம் தாண்டியும் கோடையில் நிம்புஸ் வீதியில் போவதைக் காணலாம். ஒவ்வொரு ஒக்ரோபரிலும் யாரோ ஒருவர் அதைத் துடைத்து, ஒயில் மாற்றி, உலர்வாக நிற்கவைத்ததால்தான் அது இன்றும் ஓடுகிறது.

மார்ச்சில் எடுக்கும்போது

மார்ச் கடைசியில் பக்கன் கேளிக்கைப் பூங்கா திறக்கிற நாளில் ஆயிரக்கணக்கான பைக்குகள் ஊர்வலமாகப் போவது கொப்பன்ஹேகன் பக்கத்து வழக்கம். அதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். உங்கள் ஊர் வீதியில் உப்பு மிச்சமிருந்தால் ஒரு நல்ல மழை கழுவிப்போகும்வரை பொறுங்கோ. பிறகு அட்டையில் எழுதியதை ஒவ்வொன்றாகச் செய்யுங்கோ: துணியை எடுத்தல், பற்றரி பூட்டல், காற்றைச் சரியான அளவுக்கு இறக்கல். காப்புறுதியும் பிளேட்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கோ. பிறேக் ஒயில் இரண்டு வருடம் கடந்திருந்தால் மாற்றுங்கோ, அதுவும் ஈரம் இழுக்கும் சாமான்தான். கிளச்சைப் பிடித்தபடி கியரில் போட்டு முன்னும் பின்னும் உருட்டினால் ஒட்டியிருக்கும் தட்டுகள் விடும். பிறகு ஸ்ராட் பண்ணுங்கோ.

முதல் நாள் தூரப் பயணம் வைக்காதீர்கள். பிறேக் தட்டில் மெல்லிய துரு இருக்கும், ஆளில்லாத இடத்தில் மெதுவாகப் பலமுறை பிடித்துவிட்டால் போய்விடும். வளைவுகளில் குளிர்காலத்து மணலும் கல்லும் கிடக்கும். கார்காரருக்கு ஐந்து மாதமாகப் பைக் கண்ணில் பட்டிருக்காது, உங்கள் கைக்கும் பழக்கம் விட்டிருக்கும். பாதிவேகம், இரட்டிப்பு இடைவெளி, வெளிச்ச நிற ஜக்கற். இரண்டு மூன்று ஞாயிறு இப்படிக் கிட்டடியில் ஓடிவிட்டு, அதன்பிறகு ஸ்கேகன் வரைக்கும் போங்கோ. போகும்போது வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கோ, போய்ச் சேர்ந்ததும் ஒரு ஃபோன் அடியுங்கோ.